வயர்லெஸ் காட் வாங்கப் போனவர்

ஊவா மாகாணத்தில் அன்டெனா மாமாவை விட அதிகமாகப் பிழை விட்டவர்கள் இருக்கலாம். அவரளவு நம்பிக்கையோடு பிழை விட்டவர் எவரும் இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. பதிவேட்டில் குறிப்பது போலத்தான் எழுதுகிறேன். அந்த ஒரு வாரத்தில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஐந்து கணினிகள் வந்தன. ஐந்திலும் வயர் இல்லாமல் இணையம் பிடிக்கும் அட்டை, அதாவது வயர்லெஸ் காட், இல்லை.
2. ஒரு காட் வாங்கி வர அன்டெனா மாமாவை அனுப்பினார்கள்.
3. அவர் ஒரு காட் வாங்கி வந்தார். அது வேறு காட்.
4. சரியான காட்டை வாங்கி வர அவரையே மறுபடியும் அனுப்பினார்கள். இந்த முறை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.
5. அவர் பதுளைக்குப் போய்ச் சேரவில்லை.

இனி விளக்கம்.

எங்கள் தோட்டம் பசறையிலிருந்து மடுல்சீமை போகும் பாதையில் இருக்கிறது. அது யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. பதுளையில் கணினி டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கொழும்பிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் பழைய கணினிகள் ஐந்தை அனுப்பி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியையையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது. அந்த ஆசிரியை நான். நிபந்தனை ஒன்றே ஒன்று. சனிக்கிழமை கணினிகள் வந்திறங்கின; அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து பார்க்கும்போது இணையம் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் கணினிகள் லொறியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போகும். நான் பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போவேன். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் அம்மா எனக்கு இடம் பேசி வைத்திருந்தார். புடவை மடிக்க டிப்ளோமா தேவையில்லை.

கணினிகளைப் பழைய பிள்ளை மடுவத்தில் வைத்தோம். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. புதிய மடுவம் கட்டிய பிறகு இது சும்மா கிடந்தது. சுவரெல்லாம் தகரம், உள்ளே ஒரு முயல் படம், பின்பக்கம் கைவிட்ட சமையலறை. தொலைபேசி இணைப்பு கிடையாது. ஆனால் கீழே தோட்ட மேலாளரான துரையின் ஆபீஸில் இணையம் இருந்தது. அதுவும் வயர் இல்லாமல் காற்றில் வருகிற வகை. துரை மறுக்காமல் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தார். தன்னுடைய தேயிலைக்கு மேலாக ஒரு வயர்கூடப் போகக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் ஐயா அங்கிருந்த மடிக்கணினியைத் தூக்கிவந்து மடுவத்து வாசலில் திறந்தபோது சிக்னல் ஒரு கோடு காட்டியது. ஒரு கோடு போதும். வேலை சுலபம். யுஎஸ்பியில் செருகும் சிறிய வயர்லெஸ் காட் ஒன்றை வாங்கி ஒரு கணினியில் பொருத்துவது. அதில் வரும் இணையத்தைச் சாதாரண கேபிளால் மற்ற நான்குக்கும் பகிர்வது. இதை மூன்று வரியில் எழுதித் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் தாளை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வயர் வேலைன்னா நம்ம அன்டெனா இருக்காரே” என்றார்.

“இது வயர் இல்லாத வேலைங்க.”

“அப்ப இன்னும் லேசாப் போச்சு.”

இப்படித்தான் அன்டெனா மாமா இந்தக் கதைக்குள் வந்தார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளில் எல்லாம் டீவி அன்டெனா கட்டியவர் அவர். சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்திருக்கும். ஒல்லியான மனிதர். இடுப்பில் ஒரு குறடு, காதில் ஒரு துண்டு வயர். எந்த வீட்டு அன்டெனாவாக இருந்தாலும் நமுனுகுல மலையைப் பார்த்துத்தான் திருப்புவார். படம் தெரியாவிட்டால் மலையில் மேகம் என்பார். மேகமே இல்லாத நாளில், மலைக்குப் பின்னால் மேகம் என்பார். ஒரு ரேடியோவைத் திறந்து மூடினால் இரண்டு ஸ்க்ரூ ஆணியாவது மிஞ்சும். அவற்றை வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்து, கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது என்று விளக்கம் சொல்வார்.

கோயில் ஒலிபெருக்கியையும் அவர் ஒருமுறை திருத்தினார். திருவிழா அன்று பூசாரி மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியில் சிங்களத்தில் வானிலை அறிக்கை வந்தது. கூட்டம் சிரித்தது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருப்பார்கள். மாமா முன்வரிசைக்கு வந்து நின்று, “பாத்தீங்களா, எவ்வளவு தூரத்துல இருந்து இழுக்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மடுவத்துக்கு வந்தவர் முதல் வேலையாகக் கணினிகளுக்குப் பெரட்டு எடுத்தார். பெரட்டு என்பது விடியற்காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்புவது. ஐந்தையும் மேசையில் வரிசைப்படுத்தச் சொல்லி, ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிப் பார்த்து, ஆள் சரி, ஆள் சரி என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவதைத் தட்டியதும் அது அணைந்துவிட்டது.

“இதுக்குச் சுகமில்ல டீச்சர். அரைப் பேர் போட்டுருங்க” என்றார்.

அரைப் பேர் என்றால் அரை நாள் வேலைக் கணக்கு. அந்தக் கணினி அதுவரை நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை, தலைவரிடம் நான் கொடுத்திருந்த தாளை எடுக்காமலேயே அவர் பசறைக்குப் போய்விட்டார். எனக்கு மதியம்தான் தெரியவந்தது. இரண்டு மணிக்குச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார். மிகவும் திருப்தியாக இருந்தார். கையில் ஒரு ரீலோட் காட். போனுக்குக் காசு போடும் காட்.

“நம்பர் சுரண்டியாச்சு டீச்சர். எந்த ஓட்டையில போடணும்?”

இது போனுக்குரியது என்றேன். காட் போட்டால்தானே லைன் வரும் என்றார். இந்தக் காட் வேறு, அந்தக் காட் வேறு என்றேன். எல்லாக் காட்டும் லைனுக்குத்தானே என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தனியாகப் பார்த்தால் பிழையில்லை. அதுதான் அவரிடம் எரிச்சலூட்டும் விஷயம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வயர்லெஸ் என்றால் என்ன என்று இருபது நிமிடம் விளக்கினேன். பலகையில் படம் போட்டேன். அவர் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போலீஸ்காரங்க தோள்ல குத்தி வச்சுக் கொரகொரன்னு பேசுவாங்களே, அந்த வயர்லெஸ்ஸா?”

அதே மாதிரிதான் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். இது என்னுடைய முதலாவது பிழை. அவருடைய பிழைகளை மட்டும் எண்ணினால் பட்டியல் சரியாக இருக்காது.

பசறையில் அந்தக் காட் கிடைக்காது, பதுளைக்குத்தான் போக வேண்டும் என்பது செவ்வாய்க்கிழமை உறுதியானது. நானே போயிருக்கலாம். ஆனால் நான்கு கணினிகளுக்கும் கேபிள் வெட்டி முனை அடிக்கும் வேலை இருந்தது. அதை மாமாவிடம் கொடுப்பதா, கடைக்குப் போவதை மாமாவிடம் கொடுப்பதா என்று யோசித்தபோது கடை பாதுகாப்பானதாகத் தோன்றியது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் மூன்று கோடு. வாயால் சொல்லியனுப்பினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். ஆகவே கடைக்காரருக்காக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். தூரத்துக்கேற்ற காட்டை அவர் தெரிவுசெய்து தர வசதியாக ஒரு வரைபடமும் போட்டேன். ஏ என்ற சதுரம் துரையின் ஆபீஸ். பி என்ற சதுரம் மடுவம். இடையில் நூற்றறுபது மீட்டர், உயர வித்தியாசம், பாதை, ஓர் அம்பு. ஆபீஸ் எந்தப் பக்கத்தில் திறந்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் சுவர் என்பதையும் குறித்தேன். டிப்ளோமாவில் வரைபடத்துக்குத்தான் எனக்கு அதிக புள்ளி.

யுத்தம் நடந்த அந்த வருடத்தில், தமிழ்ப் பெயருள்ள ஒரு மனிதரின் பையில், அப்படி ஒரு தாள். வாசகர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. இது இரண்டாவது பிழை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதிலிருந்து மாமா, தோட்டத்துக்கு வயர்லெஸ் வாங்கப் போகிறேன் என்று ஒவ்வொரு ஆசனத்துக்கும் அறிவித்துக்கொண்டு போயிருக்கிறார். கொண்டக்டர் இரண்டு முறை பேசாமல் வரச் சொன்னாராம். மாமா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். பதுளைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்துபோய் மறுபக்கம் ஏற வேண்டும். தேசிய அடையாள அட்டையையும் எங்கள் பக்கத்தில் காட் என்றுதான் சொல்வோம். அங்கு நின்ற சார்ஜன்டுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“காட் எங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“அதத்தான் சார் வாங்கப் போறேன்.”

“காட் இல்லையா?”

“அஞ்சுலயும் இல்ல சார்.”

“என்ன அஞ்சு? என்ன காட்?”

“வயர்லெஸ் காட்.”

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அனைவரும் ஓரடி பின்னால் போனார்கள் என்று கொண்டக்டர் சொன்னார். அடையாள அட்டை அந்த நேரம் முழுவதும் மாமாவின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. பையைத் திறந்தார்கள். குறடு, ஒரு சுருள் வயர், உடைந்த அன்டெனாவின் இரண்டு கைகள், சுரண்டிய ரீலோட் காட், என்னுடைய வரைபடம். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

மதியம் திரும்பி வந்த அதே கொண்டக்டர் சந்தியில் இறங்கித் தலைவரிடம் சொன்னார். தலைவர் மடுவத்துக்கு ஓடிவந்து என்னிடம் சொன்னார். அப்போது என் மனதில் வந்தவை, வந்த வரிசையில்: கணினிகள் போய்விடும். வேலை போய்விடும். அந்த எழுத்து என் கையெழுத்து. மாமாவைப் பற்றிய எண்ணம் நான்காவதாக வந்தது. வரிசையை மாற்றி எழுத விருப்பம்தான். ஆனால் வரிசை அதுதான். அந்தக் காலத்தில் விசாரிக்க நிறுத்திவைக்கப்பட்டவர்கள் எப்போது வருவார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது என்பது ஐந்தாவதாக நினைவுக்கு வந்தது. அதன் பிறகு நான் எண்ணவில்லை.

துரை ஆபீஸ் கடதாசியில் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தி, ஜீப்பையும் கொடுத்தார். கிளாக்கர் ஐயா முன்னால், தலைவரும் நானும் பின்னால். வளைவுக்கு வளைவு தலைவர், பசறைச் சந்தையில் கிழங்கு வாங்கச் சொன்னாலே பூசணிக்காய் வாங்கி வருகிற மனிதரை அனுப்பியது யார் என்று கேட்டுக்கொண்டு வந்தார். முதலில் அனுப்பியது அவர்தான் என்று நான் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது மாமா தகரக் கொட்டகையின் கீழ் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளம் கான்ஸ்டபிள். கொட்டகை உச்சியிலிருந்த அன்டெனாவைச் சுட்டிக்காட்டி, அது தப்பான திசையில் இருக்கிறது, நமுனுகுல பக்கம் திருப்பினால் நன்றாகக் கேட்கும் என்று மாமா தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதி தோட்டமே பதறிக்கொண்டு வந்திருக்கிறது, இந்த மனிதர் இங்கே வாடிக்கை பிடிக்கிறார் என்று எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

சார்ஜன்ட் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னுடைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“இது யார் வரைஞ்சது?” என்று கேட்டார். கிளாக்கர் ஐயா வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். “இந்த ஆள் காலையில இருந்து, நான்தான் நான்தான் சொல்றது.”

மாமாவிடம் பேனாவைக் கொடுத்து, மறுபடியும் வரையச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளையும் எடுத்து வைத்தார். அதில் மீன்முள்ளு மாதிரி ஓர் அன்டெனா. அதன் கீழே மூன்று கோட்டில் ஒரு கையெழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

“இங்கிலீஷ் தெரியாத ஆள் இங்கிலீஷ் எழுதுறது எப்பிடி?” என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார் சார்ஜன்ட்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கே வந்ததையே பார்க்காதவர் போலத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது அன்னைக்கு வந்துச்சு சார். இன்னைக்கு வரல.”

நான் முன்னால் போய், வரைந்தது நான் என்று சிங்களத்தில் சொன்னேன். ஏ என்றால் என்ன, பி என்றால் என்ன, அம்பு எதற்கு என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு விளக்கினேன். வெள்ளிக்கிழமை யார் வருகிறார்கள், இணைப்பு இல்லையென்றால் கணினிகள் எங்கே போகும் என்பதையும் சொன்னேன். சார்ஜன்ட் கேட்டுவிட்டு, தனக்கும் படிக்கிற மகள் இருக்கிறாள் என்றார். இனிமேல் கடைக்கு ஆள் அனுப்பினால் கம்பியூட்டர் சாமான் என்று எழுதி அனுப்பும்படியும், அந்த மற்றச் சொல்லை பஸ்ஸில் கத்த வேண்டாம் என்று இவருக்குச் சொல்லும்படியும் சொன்னார். புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு மாமாவைப் போகச் சொன்னார்.

மாமா போகவில்லை.

“சார், அந்தப் படத்தக் குடுத்தீங்கன்னா நல்லது. கடையில காட்டணும்.”

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். சார்ஜன்ட் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். படத்தைக் கொடுக்கவில்லை.

மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் திரும்பினோம். பசறை தாண்டியதும் நான் மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன், என் பெயரைச் சொல்லியிருந்தால் காலையிலேயே விட்டிருப்பார்களே என்று.

“பொம்பளப் புள்ள பேர அந்த மாதிரி எடத்துல சொல்ல முடியுங்களா டீச்சர்” என்றார். அதே மூச்சில் அடுத்ததையும் சொல்லிவிட்டார். “ஆனா ஒங்க அம்பு கோணல். நான் வரைஞ்சிருந்தா நமுனுகுலயப் பாத்து வரைஞ்சிருப்பேன்.”

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நானே பதுளைக்குப் போனேன். காட்டையும், அதோடு ஐந்து மீட்டர் நீட்டிப்புக் கேபிள் ஒன்றையும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பினேன். கணினியில் செருகினேன். சிக்னல் இல்லை. தகரச் சுவருக்குள் அலை நுழையாது என்பதை நான் முதலிலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். கிளாக்கர் ஐயா மடிக்கணினியைத் திறந்தது வாசலில். மூன்றாவது பிழை. கேபிளை நீட்டி ஜன்னலில் வைத்தேன். ஒரு கோடு வந்தது, போனது, வந்தது, போனது. நாலரை மணிக்கு எனக்குப் புடவைக் கடையின் வாசனை வர ஆரம்பித்தது.

மாமா கேட்காமலேயே உள்ளே வந்தார். பின்பக்கச் சமையலறையில் கிடந்த அலுமினியச் சட்டியை எடுத்துவந்து, என் காட்டை அதன் நடுவில் குச்சி வைத்துக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். தொங்கவிட்ட திசை நமுனுகுல. ஆபீஸ் இருப்பது அதற்கு நேர் எதிரே, கீழே. அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, சட்டியை ஆபீஸ் பக்கம் திருப்பினேன். ஒரு கோடு. அவர் மலைப் பக்கம் திருப்பினார். மூன்று கோடு. நான் திருப்பினேன். ஒன்று. அவர் திருப்பினார். மூன்று.

அந்தப் பக்கத்தில் தேயிலை அரைக்கும் பெக்டரியின் பெரிய தகரக் கூரை இருக்கிறது. அலை அதில் பட்டுத் திரும்பியிருக்கலாம். இது என் ஊகம். மாமாவுக்கு ஊகம் தேவைப்படவில்லை.

“மேகம் இல்ல, அதான்” என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஐந்து கணினிகளிலும் பக்கம் திறப்பதைப் பார்த்தார்கள். மெதுவாகத் திறந்தது, ஆனால் திறந்தது. அவர்களில் ஒரு பெண்மணி ஜன்னலுக்கு வெளியே தொங்கிய சட்டி என்னவென்று கேட்டார். அது எங்கள் பராமரிப்புப் பிரிவு என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்போதைய நிலை. கணினிகள் மடுவத்திலேயே இருக்கின்றன. நானும் இருக்கிறேன். போன மாதம் மாமா ஒரு கணினித் திரையைத் திறந்து மூடினார்; மூன்று ஆணி மிஞ்சியது. அன்றே, அனுமதியின்றி யாரும் உள்ளே வந்து எந்தப் பொருளையும் தொடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அந்த யாரும் என்பது ஒரே ஒருவர்தான். அவர் தினமும் பத்து மணிக்கு வருகிறார். கதவுக்கு முன்னால் நின்று அறிவித்தலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறார். எழுத்து நல்லா விழுந்திருக்கு டீச்சர் என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் வாசித்துக் காட்டவும் இல்லை.